சோறு வேண்டாம், கறி இருக்கட்டும்

யாழ்ப்பாணத்தில் ஒருவன் "எனக்குச் சோறு வேண்டாம்" என்று சொன்னால், ஊருக்குத் தெரிந்த காரணங்கள் மூன்றுதான். வீட்டில் மனிசியோடு சண்டை. இல்லையென்றால் வயிற்றுக்குள் ஏதோ வருத்தம். இரண்டுமில்லையென்றால் கந்தசஷ்டி விரதம். நாலாவதாக ஒரு காரணம் இருக்கலாமென்று எவரும் ஒத்துக்கொள்வதில்லை. என்னுடையது அந்த நாலாவது காரணம்.

இரண்டு மூன்று மாதச் சீனியின் வண்டவாளத்தை ஒரே இலக்கத்தில் சொல்லிவிடுகிற எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் எனக்கு 6.3 வந்தது. 5.7 இற்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை. 6.5 ஐத் தொட்டால் சீனி வருத்தக்காரன். நான் இடையில் நின்றேன். டாக்டர் காகிதத்தையும் பார்த்தார், என் வண்டியையும் பார்த்தார்.

"ஐயா, மருந்து இப்ப தேவையில்லை. மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ."

"எவ்வளவுக்கு டாக்குத்தர்?"

"ஒரு நாளைக்கு மாச்சத்து 130 கிராமுக்குக் கீழ வந்தால் நல்லம்."

130 கிராம் என்றால் தாராளமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து கணக்குப் போட்டேன். காலையில் சம்பலோடு அரை றாத்தல் பாண். பாணின் நிறையில் ஏறக்குறையப் பாதி மாச்சத்து. ஆகவே 110 கிராம். மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு. 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாச்சத்து. என் கோப்பையோ 400 கிராமுக்குக் குறையாது. அது இன்னொரு 110. இரவு புட்டு. அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலந்து குழைப்பதுதான் எங்கள் வீட்டுப் புட்டு. 150 கிராம் மா என்றாலும் அதற்குள் 110 கிராமுக்கு மேல் இருக்கிறது. இடைக்கிடை குடிக்கிற தேத்தண்ணிகளின் சீனி ஒரு 40. டாக்டர் மூன்று நாளுக்குத் தந்த பங்கை நான் கிட்டத்தட்ட ஒரே நாளில் முடித்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் எங்கள் தெருவில் நான் கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஆள் என்றுதான் பெயர்.

சீனி வருத்தம் வரப்போகிறது என்று வெளியே தெரிந்தால் இலவச வைத்தியம் வாசலுக்கு வரும். முதலில் மாமி வந்தார்.

"தம்பி, சிவப்பரிசிச் சோறு எண்டால் ஒண்டும் செய்யாது."

சிவப்பரிசியில் நார் கொஞ்சம் கூட. சீனி சற்று ஆறுதலாக ஏறும். ஆனால் மாச்சத்தின் அளவு வெள்ளையரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். இதை மாமிக்கு விளக்குவதற்குள் அவர் பரிமாறி முடித்துவிட்டார். மருந்து என்ற காரணத்தால் வழக்கத்தைவிட ஒரு அகப்பை கூட.

அடுத்தது குரக்கன் கட்சி. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது அவர்களின் கொள்கை. 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து இருப்பது அவர்களின் கொள்கைக்குள் வராது. பிறகு பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கச் சொன்னார். "பனங்கட்டியில சீனி இல்லையடா. அது பனையில இருந்து வாறது." சீனி கரும்பிலிருந்து வருகிறது, பனங்கட்டி பனையிலிருந்து வருகிறது, இரத்தத்துக்குள் போனபின் இரண்டுக்கும் ஊர் பேர் கிடையாது. மரவள்ளிக் கிழங்குக்கும் ஈரப்பலாக்காய்க்கும் பரிந்துபேச வந்தவர்களும் உண்டு. "அது மரக்கறிதானே" என்பது அவர்கள் வாதம். மண்ணுக்குள் விளைந்ததும் மரத்தில் காய்த்ததும் ஊர்ப்பொருளாக இருந்தால் ஊர்க்காரனுக்குத் துரோகம் செய்யாது என்ற அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். என் இரத்தம் மதிக்கவில்லை.

மாச்சத்தைக் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டுப் புத்தகங்களையும் புரட்டினேன். பாதாம் மாவில் பாண், பாலாடைக்கட்டியில் அடை, புரொக்கோலியில் சோறு. பாதாம் மா இங்கே விற்கிற விலைக்கு அதை நகைக்கடையில்தான் நிறுத்துத் தரவேண்டும். புத்தகங்களை மூடிவிட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே அடுப்பில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. மனிசி இறக்கும் நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலையை உருவிப் போட்டாள். அந்த வாசத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. இந்தச் சட்டிக்குள் மாச்சத்து எங்கே இருக்கிறது?

யோசித்துப் பாருங்கள். கணவாய்க் கறி, இறால் பொரியல், விளைமீன் குழம்பு, தேசிக்காய்ப் புளி விட்ட பால்சொதி, வல்லாரைச் சம்பல், வாழைப்பூ வறை, பொன்னாங்காணி வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல். கடல், தென்னை, கீரை என்ற இந்த மூன்றையும் வைத்துத்தான் இந்தத் தீவின் ருசி முழுவதும் நடக்கிறது. மீனிலும் முட்டையிலும் மாச்சத்து இல்லையென்றே சொல்லலாம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 15 கிராம்; அதிலும் 9 கிராம் வெறும் நார். பருப்பு ஒன்றுதான் கொஞ்சம் கவனிக்கவேண்டிய ஆள். ஆக, வெளிநாட்டுக்காரன் பாடுபட்டுக் கண்டுபிடித்த சாப்பாட்டை நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துவிட்டு, அதைச் சோற்று மலைக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்திருக்கிறோம்.

திட்டம் எளிது. சோற்றை ஓரத்துக்குத் தள்ளு, கறியை நடுவுக்குக் கொண்டு வா. அடுத்த நாளே செயற்படுத்தினேன். மனிசி கோப்பையைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கறி எண்டது சோத்துக்குத் தொட்டுக்கொள்ளுறதுக்கு. நீங்கள் அதைச் சோறு மாதிரி அள்ளினால் நாலு பேருக்கு எப்பிடிக் காணும்? ராவைக்கு எண்டு வைச்சதும் போட்டுது."

பொருளாதாரப் பாடம் அன்றுதான் விளங்கியது. எங்கள் வீடுகளில் சோறு என்பது கறிச்சட்டிக்கு நிறுத்தியிருக்கும் காவற்காரன். அவனை வேலையிலிருந்து நிறுத்தினால் ஒரு கிலோ மீன் ஒரு நேரத்துக்குத்தான் வரும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாய் அளவுக்குப் போனபோது, எங்கள் வீட்டுச் சொதி சர்வதேசத் தரத்துக்கு மெலிந்துபோனது. "அரிசி மலிவு, நீங்கள் விலை" என்று மனிசி என்னைப் பார்த்துச் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு சிக்கல், உறைப்பு. யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் உறைப்பும் உப்பும் சோற்றைக் கணக்கிலெடுத்து அளந்தவை. வெறுங்கறியை அள்ளிச் சாப்பிட்டால் காது வழியாகப் புகை வரும். இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உப்பும் தூளும் கொஞ்சம் குறைவு. உறைப்பு வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் பொரித்த மிளகாய். இரத்த அழுத்தக்காரியான மாமிக்கு இதனால் நன்மை. ஆனால் பழியை மட்டும் என் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்.

என்னைக் காப்பாற்றியது சுறா. சுறாவை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மிளகு, மஞ்சள், தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்தெடுத்தால் அது சுறா வறை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் புட்டேதான். கோப்பையில் குவித்து, மேலே சொதியை விட்டுக் குழைத்தேன். புட்டும் சொதியும் சாப்பிடுகிறேன் என்று என் கண் நம்பியது, கையும் நம்பியது, நாக்கு மட்டும் இது அதைவிடத் திறம் என்று சொன்னது. மாமி கதவடியில் நின்று, "உது பிள்ளைப்பெத்த பொம்பிளையளுக்குக் குடுக்கிற சாப்பாடெல்லோ" என்றார். பால் சுரப்பதற்கென்று சுறா கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அப்படிப் பக்கவிளைவு எதுவும் இதுவரை இல்லை.

அந்த உற்சாகத்தில் மனிசி கோவாவைப் பொடியாகச் சீவி, தேங்காய்ப்பூவோடு கலந்து, நீத்துப்பெட்டியில் வைத்து அவித்தாள். வெளியே வந்தது புட்டல்ல, நனைந்த கோவா. அதையே அடுத்த நாள் தாச்சியில் போட்டுக் கடுகு, செத்தல் மிளகாயோடு வறையாக்கினாள். சட்டி காலி. கோவாவுக்குப் புட்டாகும் ஆசை இல்லை, நாங்கள்தான் வற்புறுத்தினோம். வேஷம் போடுகிற சாப்பாட்டைவிட, தானாக நன்றாக இருக்கிற சாப்பாடு எங்கள் சமையலில் தாராளமாக உண்டு. மாச்சத்தைக் குறைக்க நினைப்பவருக்கு என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய சூத்திரம் இல்லை.

வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் பேத்தோவன் வருவார். இலங்கையில் பாண் விற்கிற ஓட்டோக்கள் ஊதிக்கொண்டு வருகிற மெட்டு அவருடைய 'ஃபியூர் எலீஸ்'. 1810 இல் அவர் அதை எழுதியபோது யாரை நினைத்து எழுதினாரோ, இன்று இந்தத் தீவில் அதைக் கேட்கிற எவருக்கும் நினைவுக்கு வருவது மாலு பணிஸ்தான். மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்கு ஒரு துளி ஞானமும் கிடையாது. ஆனால் அந்த மெட்டின் முதல் இரண்டு சுரம் ஒழுங்கையின் முனையில் கேட்டதும் வாய் ஊறுகிறது. சூன் பாண் என்கிற அந்த ஓட்டோ வருகிற பின்னேரங்களில் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். கப்பி சத்தம் போடும், பேத்தோவன் கடந்துபோய்விடுவார்.

இனி வெளிச்சாப்பாடு. மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் இருந்தேன். தம்பி ஒருவன் சோற்றுச் சட்டியோடு ஓடி வந்தான்.

"தம்பி, சோறு வேண்டாம். மீனும் மூண்டு மரக்கறியும் வையும்."

"பார்சலோ அண்ணை?"

"இல்லை, இஞ்சதான் சாப்பிடப்போறன்."

"சோறு முடியேல்லை அண்ணை. இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு வேண்டாம்."

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி விலைப்பட்டியலைப் பார்த்தார். இங்கே விலை சோற்றுக்கு. கறி சும்மா வருவது, கேட்டால் திரும்பவும் வரும். சோறே இல்லாதவனுக்கு எந்த விலை? கடைசியில் முழுச் சாப்பாட்டின் விலையையே கொடுப்பதாக ஒப்பந்தமானது. வாழையிலையில் கத்தரிக்காயும் பயித்தங்காயும் கீரையும் மீனும் வந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி திரும்பி வந்து, இலையின் மூலையில் ஒரு கரண்டிச் சோற்றை மெல்ல வைத்துவிட்டு, "சும்மா கிடக்கட்டும் அண்ணை, பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றான்.

கொழும்புக்குப் போனால் சோதனை காது வழியாக வரும். பொழுதுபட்டதும் தோசைக்கல்லில் இரண்டு தகடும் அடிக்கிற கொத்துரொட்டித் தாளம். அந்தத் தாளத்துக்கு நடையை மாற்றாமல் கடந்துபோகிற மனிதனை நான் இன்னும் காணவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அண்ணை, ரொட்டி போடாமல் ஒரு கோழிக்கொத்து."

அவர் தகட்டை நிறுத்தினார். "அப்ப என்னத்தைக் கொத்துறது?"

நியாயமான கேள்வி. முட்டை, கோழி, லீக்ஸ், கரட், வெங்காயம், கோவா எல்லாவற்றையும் இரண்டு மடங்காகப் போட்டுக் கொத்தச் சொன்னேன். கொத்தினார். தாளம் கொஞ்சம் ஈரமாகக் கேட்டது, சாப்பாடு அருமை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "உதென்ன புதுச் சாமான்?" என்று கேட்டுத் தனக்கும் ஒன்று எடுத்தார், கூடவே ரொட்டி போட்ட கொத்து ஒன்றும் எடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். "நீ எங்கட ஊர்ச் சாப்பாட்டைக் கைவிட்டிட்டாய்" என்று என்னைக் குற்றம் சாட்டுகிறவர்கள் சாட்சிக்குக் கூப்பிடுவது பாணையும் கொத்தையும் பரோட்டாவையும்தான். கோதுமை இந்த நாட்டு வயலில் விளைகிற பயிரல்ல. கப்பலில் வருகிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் 1980 முதல் ஓடுகிற பெரிய ஆலையில் மாவாகிறது. எங்கள் கடலில் பிடித்த சுறாவையும் வேலியில் நின்ற முருங்கையையும் சாப்பிடுகிறவன் அந்நியன்; கப்பலில் வந்த மாவைச் சாப்பிடுகிறவன் ஊர்க்காரன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அரிசி எங்கள் மண்ணுக்குரியது, அதை மறுக்கவில்லை; ஆனால் கொத்துக்காக என்னோடு பரம்பரைப் பெருமை பேசக்கூடாது.

கடைச் சாப்பாட்டில் கறி என்ற பெயரில் ஏமாற்றுகிறவையும் உண்டு. 'டெவில்' என்று பெயர் வைத்த கோழியும் இறாலும் சீனியும் சோஸும் சோள மாவும் பூசிக்கொண்டு வருகின்றன. மொறுமொறுவென்று வருகிற 'ஹொட் பட்டர்' கணவாயின் மொறுமொறுப்பு முழுக்க மா. பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கிற றோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே மீன் இருப்பதாகச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடிக்க முன்னம் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அப்பக் கடையில் ஒரு முட்டையப்பமும் மீன்குழம்பும் பரவாயில்லை. ஒன்றோடு எழும்பத் தெரிந்தவன் ஞானி. நான் காசை முதலே கொடுத்துவிட்டு உட்காருவேன்.

தெற்கே போனபோது பெரிய ஆறுதல் கிடைத்தது. காலி, மாத்தறைப் பக்கத்தில் அம்புல் தியல் என்று ஒரு மீன் கறி. பாலாமீனைத் துண்டு போட்டு, கொறக்காப்புளியும் மிளகும் அரைத்துப் பூசி, தண்ணீர் வற்றும்வரை வேகவைப்பது. பால் இல்லை, மா இல்லை, குளிர்ப்பெட்டி இல்லாமல் நாட்கணக்கில் கெடாமல் இருக்கும். பக்கத்தில் தேங்காய்ப்பூ போட்ட கீரை மல்லுங். எனக்கென்றே சமைத்த மாதிரி. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "பத் எப்பா" என்றேன், சோறு வேண்டாம் என்று. கடைக்கார அம்மா யாழ்ப்பாணத்துத் தம்பி பார்த்த அதே பார்வையைப் பார்த்தார். பிறகு அதே மாதிரி ஒரு கரண்டிச் சோற்றைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். இந்த நாட்டில் எந்த மாநாடும் கொண்டுவராத ஒற்றுமையை நான் இரண்டு கடைகளில் கண்டேன்.

இரண்டு இடங்களில் மட்டும் என் சட்டத்துக்கு விலக்கு உண்டு. ஒன்று நயினாதீவு. குறிகட்டுவானில் படகேறி நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் அன்னதானம். அந்த மண்டபத்தின் பெயரே அமுதசுரபி. மணிமேகலைக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது எங்கள் பக்கத்தவர்களின் உறுதியான நம்பிக்கை. உலகத்தின் பசி தீர்க்கப் பாத்திரம் புறப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு 30 கிராம் மட்டும்" என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? வாளியோடு வந்த தொண்டரிடம் "கொஞ்சம்" என்றேன். அவருடைய கொஞ்சமும் அந்தப் பாத்திரத்தின் கொஞ்சமும் ஒன்றுதான். அன்று இரவு மீனும் கீரையும் என்று கணக்கைச் சரிசெய்துகொண்டேன்.

மற்றது ஒடியற்கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, நண்டு, இறால், மீன்தலை, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் போட்டுப் பெரிய சட்டியில் காய்ச்சுவது. மாச்சத்தும் உண்டு, என் கட்சியும் உண்டு, கூட்டணி ஆட்சி. அக்கா வீட்டில் பனையோலைப் பிளாவில் வார்த்துத் தந்தபோது, மேலே மிதந்த நண்டுக் காலையும் இறாலையும் தேடித் தேடி எடுத்தேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள்: "டேய், நீ கூழ் குடிக்கேல்லை. அதுக்குள்ள தொழில் செய்யிறாய். வள்ளம் கொண்டரட்டோ?" குடித்துவிட்டேன். கூழை மறுப்பதற்கு ஒரு இலக்கம் போதாது.

வெல்லமுடியாத எதிரி ஒன்று உண்டென்றால் அது உபசாரத் தேத்தண்ணி. 2016 இல் அரசாங்கம் போத்தல் பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போடவைத்தது. எங்கள் சொந்தக்கார வீடுகளின் தேத்தண்ணிக்கு அப்படி வட்டம் போடுவதென்றால் சிவப்பு மை காணாது. "சீனி வேண்டாம்" என்றால், "எங்கட வீட்டில சீனி இல்லையெண்டு நினைச்சிட்டீரோ?" என்று கேட்பார்கள். மானப்பிரச்சினை. நான் இப்போது படியேறும்போதே "வெறுந்தேத்தண்ணி, இஞ்சி மட்டும், தடிமனாக்கிடக்கு" என்று சொல்லிவிடுவேன். வருத்தக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிற சனம், கொள்கைக்காரனுக்கு விட்டுக்கொடுக்காது.

அடுத்த பரிசோதனையில் 6.3 என்பது 5.9 ஆகியிருந்தது. டாக்டர் "என்ன சாப்பிடுறியள்?" என்று கேட்டார். நண்டு, கணவாய், சுறா, இறால், முட்டை, தேங்காய்ப்பால் என்று சொல்லிக்கொண்டு போனேன். "உதுக்குப் பேர் பத்தியமோ?" என்றார். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: ஏற்கெனவே சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் என் கதையைக் கேட்டுத் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம், வைத்தியரைக் கேட்டுத்தான் குறைக்கவேண்டும். இதை அவர் சொன்னதாகவே எழுதுகிறேன், என் பெயருக்கு வைத்தியப் பட்டம் கிடையாது.

என் தீர்ப்பு இதுதான். இந்தத் தீவில் மாச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது வாய்க்குத் தண்டனையே அல்ல. கடினமெல்லாம் பரிமாறுகிறவர்களின் அன்பைச் சமாளிப்பதில்தான். ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுக்கு வருகிற ஒருவர் சோறு வேண்டாமென்றால், சண்டையோ, வருத்தமோ, விரதமோ என்று விசாரிக்காதீர்கள். "கொஞ்சம்" என்று சொல்லி அகப்பையை ஓங்காதீர்கள். கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளிவிடுங்கள். அவர் நானாக இருந்தால், மீன் கொஞ்சம் கூட வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.